சலித்துத் தேடிய பூங்காவில் வெள்ளிக் காசு

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நூறு ஆண்டுகளைக் கடந்த பொதுப் பூங்காக்கள் உள்ளன. இசைக்குழு வாசித்த மேடை, குடும்பங்கள் கட்டுச்சோறு பிரித்த மரநிழல், பிள்ளைகள் ஆடிய ஊஞ்சலடி என்று மக்கள் கூடிய இடங்களிலெல்லாம் சில்லறைக் காசுகள் தவறி விழுந்திருக்கின்றன. அவற்றுள் சில வெள்ளிக் காசுகள். 1964 வரை ஆண்டு பொறிக்கப்பட்ட டைம் என்னும் பத்து சென்ட் காசு, குவார்ட்டர் என்னும் 25 சென்ட் காசு, அரை டாலர் ஆகியவற்றில் 90 விழுக்காடு வெள்ளியும் 10 விழுக்காடு செம்பும் இருந்தன. 1965-இல் வந்த நாணயச் சட்டத்தால் டைமும் குவார்ட்டரும் செம்பு, நிக்கல் காசுகளாக மாறின.

1970-களில் மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகம் காட்டும் கருவி பலருடைய கைக்கும் எட்டியது. அன்று முதல் இப்பூங்காக்களின் புல்தரையைச் சல்லடை போட்டுச் சலித்தது போல் தேடிவிட்டார்கள். ‘இனி அங்கே ஒன்றும் இல்லை’ என்று கைவிடப்பட்ட பூங்காக்கள் பல. ஆயினும் அதே தரையில் பொறுமையாகத் தேடும் ஒருவருக்கு இன்றும் ஒரு பழைய டைம் கிடைப்பதுண்டு. முன்பு வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டா தேடினார்கள்? இல்லை. காசு அங்கேயே இருந்தும் கருவிக்குத் தெரியாமல் போனதற்குத் தெளிவான பௌதிகக் காரணங்கள் உள்ளன.

கருவி கேட்கும் எதிரொலி

கருவியின் அடியில் தட்டுப் போன்ற பகுதிக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் நொடிக்குச் சில ஆயிரம் முதல் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. வழியில் உலோகம் இருந்தால், ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதிப்படி அதனுள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றும். இவை தமக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தச் சிறு புலத்தை உணர்வதே இரண்டாவது சுருளின் வேலை. முதற் சுருளின் புலம் நேரடியாகத் தன்னைப் பாதிக்காதவாறு இது சமன் செய்து அமைக்கப்பட்டிருக்கும்.

எந்த உலோகம் என்பதைக் கருவி எப்படி ஊகிக்கிறது? வெண்கல மணியைத் தட்டினால் ஒலி நெடுநேரம் நிற்கும். தகரத்தைத் தட்டினால் உடனே அடங்கிவிடும். சுழல் மின்னோட்டமும் அப்படித்தான். மின்சாரத்தை நன்கு கடத்தும் கனத்த வெள்ளிக் காசில் அது மெல்ல அடங்கும். மெல்லிய அலுமினியத் தாளில் விரைவாக அடங்கும். இரும்போ தானே காந்தமாவதால் வேறு விதமாகப் பதில் தரும். இந்தக் கால வேறுபாட்டை அளந்து கருவி ஓர் எண்ணையோ ஒலியையோ தருகிறது. அது உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. எதிரொலியின் சாயலை மட்டுமே சொல்கிறது.

ஆழத்தின் கணக்கு

கீழே விழுந்த காசு மேலேயே கிடப்பதில்லை. மண்புழுக்கள் அடிமண்ணை விழுங்கி மேலே எச்ச மண்ணாகக் குவிப்பதால், தரைமேல் கிடக்கும் பொருள்கள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் புதைகின்றன. சார்லஸ் டார்வின் இதை அளந்தே பார்த்தார். 1842-இல் தம் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணக் கட்டிகளைப் பரப்பச் செய்தார். 29 ஆண்டுகள் கழித்து, 1871-இல் பள்ளம் வெட்டிப் பார்த்தபோது அவை 7 அங்குல ஆழத்தில், அதாவது ஏறத்தாழ 18 செ.மீ. கீழே, ஒரே வரிசையாகக் கிடந்தன.

ஆழம் கூடினால் எதிரொலி எவ்வளவு குறையும்? 25 செ.மீ. விட்டமுள்ள சுருளுக்கு நேர் கீழே ஒரு காசு இருப்பதாகக் கொள்வோம். ஆழம் 10 செ.மீ.-இலிருந்து 20 செ.மீ. ஆனால், எதிரொலி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். 40 செ.மீ. ஆனால் முந்நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். போகும் புலமும் வலு குறைகிறது, திரும்பும் புலமும் வலு குறைகிறது. இரண்டு குறைவும் ஒன்றையொன்று பெருக்குவதே இதற்குக் காரணம். மேலும், காசு தட்டையாகக் கிடந்தால் சுழல் மின்னோட்டத்திற்கு அகன்ற வட்டப்பாதை கிடைக்கும். விளிம்பில் செங்குத்தாக நின்றால், நேர் மேலே இருக்கும் சுருளுக்கு அதே காசு மிக மங்கலாகவே தெரியும்.

ஆணி மறைக்கும் காசு

ஆழத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. பழைய பூங்காவின் மண்ணில் இரும்பாணிகள், கம்பித் துண்டுகள், பாட்டில் மூடிகள் ஏராளமாகக் கலந்திருக்கும். இவற்றைத் தோண்டித் தோண்டிச் சலித்தவர்கள், இரும்பு வந்தால் ஒலிக்காதபடி கருவியை அமைத்துக்கொண்டார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்கியது. கருவி ஒரு நேரத்தில் தன் கீழே உள்ள அனைத்தின் எதிரொலியையும் சேர்த்தே கேட்கிறது. ஓர் ஆணிக்கு அருகில் வெள்ளிக் காசு கிடந்தால் இரண்டின் எதிரொலியும் கலந்துவிடும். பெரும்பங்கு இரும்பின் சாயல் என்றால் கருவி வாயை மூடிக்கொள்ளும். காசும் அதனுடன் மறைந்துபோகும். பழைய கருவிகள் ஒரு பொருளிலிருந்து மீண்டு அடுத்ததைக் கேட்கச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டன. வேகமாக வீசி நடந்தவர்களுக்கு, ஆணியை அடுத்திருந்த காசு அந்த இடைவெளியிலேயே கடந்துபோயிற்று.

இந்த மறைப்பு ஓர் உயிர் ஊசலாடியபோதும் குறுக்கே நின்றது. 1881 ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு உடலுக்குள் தங்கிவிட்டது. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டதோ 1895-இல்தான். தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், தூண்டல் சமன் கருவி ஒன்றைக் கொண்டுவந்து குண்டைத் தேடினார். சோதனைகளில் நன்கு வேலை செய்த கருவி, நோயாளியின் படுக்கையருகே குழம்பிய ஒலிகளையே தந்தது. மெத்தையின் அடியில் எஃகுக் கம்பிச் சுருள்கள் இருந்தன. அத்துடன், குண்டு வலப்புறம் இருப்பதாக நம்பிய தலைமை மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டுமே தேடச் செய்தார். செப்டம்பர் 19-இல் ஜனாதிபதி இறந்தபின் நடந்த பரிசோதனையில், குண்டு முதுகெலும்புக்கு இடப்புறம் இருந்தது தெரிந்தது. பூங்காவில் ஆணியும் காசும் போல, அங்கே கம்பிச் சுருளும் குண்டும்!

குப்பையின் சாயலில் செல்வம்

அமெரிக்காவின் ஐந்து சென்ட் காசில் 75 விழுக்காடு செம்பு, 25 விழுக்காடு நிக்கல். இக்கலவை மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்துவதில்லை. ஆகவே அதன் எதிரொலி, 1960-களிலிருந்து பானக் குவளைகளில் வந்த அலுமினிய இழுவளையத்தின் எதிரொலியை ஒத்திருக்கும். பல தங்க மோதிரங்களின் சாயலும் இதுவே. வளையங்களைத் தோண்டி அலுத்தவர்கள் அந்த ஒலியையே ஒதுக்கினார்கள். அதனால் ஐந்து சென்ட் காசுகளும் மோதிரங்களும் மண்ணிலேயே தங்கின.

எனவே, சலித்த பூங்காவில் வெற்றி பெறுவோர் செய்வது மாயமன்று. சிறிய சுருளைப் பொருத்துகிறார்கள்; ஆழம் குறைந்தாலும், ஒரே நேரத்தில் அதன்கீழ் வரும் ஆணிகளும் குறைவு. மெதுவாக வீசுகிறார்கள். ஐயமுள்ள இடத்தை வேறு திசையிலிருந்தும் சோதிக்கிறார்கள். இரும்பை முழுவதும் வாயடைக்காமல் அதன் ஒலியையும் கேட்கிறார்கள். குப்பையை முதலில் அகற்றுகிறார்கள். மேலே இருந்த ஆணி போனபின் கீழிருந்த காசு பேசத் தொடங்குகிறது. பல அதிர்வெண்களை ஒருங்கே பயன்படுத்தி விரைவில் மீளும் இன்றைய கருவிகள் இவ்வேலையை எளிதாக்கியுள்ளன.

ஆனால் கருவி கையில் இருப்பது தோண்டும் உரிமை ஆகாது. நியூயார்க் நகரப் பூங்காக்களில் தேடுவதற்கு அனுமதிச் சீட்டு தேவை. அந்நாட்டின் தேசியப் பூங்காக்களில் இது தடை செய்யப்பட்டுள்ளது. மத்திய அரசு நிலங்களில் உள்ள தொல்பொருள்களை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. காரணம் எளிது. கலையாத மண்ணடுக்கில் கிடக்கும் ஒரு காசு அந்த அடுக்கின் காலத்தை அறிய உதவும். பிடுங்கி எடுத்துவிட்டால் காசு மிஞ்சும். அது சொல்ல இருந்த செய்தி போய்விடும்.

தெரியவில்லை என்பது இல்லை என்பதாகுமா?

காசு தவறினால் இழப்பு சிறிது. கண்ணிவெடி தவறினால்? இலங்கையின் வடபகுதியில் போர் 2009-இல் முடிந்தபின் நடந்த கண்ணிவெடி அகற்றும் பணியிலும் இதே தத்துவத்தில் இயங்கும் கருவிகள் பயன்பட்டன. அங்குப் புதைக்கப்பட்டவற்றுள் பல, மிகக் குறைந்த உலோகமே கொண்ட பிளாஸ்டிக் கண்ணிகள். சுற்றிலும் குண்டுச் சிதறல்கள். அத்தகைய இடத்தில் ‘இது குப்பை ஒலி’ என்று எதையும் ஒதுக்க முடியாது. சிதறல்கள் மிக நெருக்கமாக இருந்த நிலங்களில் கருவியை நம்பாமல், நீண்ட பிடியுள்ள வாரிகளால் மண்ணை அடுக்கடுக்காக மெல்ல வாரி எடுத்தே தேடினார்கள்.

பூங்காவானாலும் கண்ணி நிலமானாலும் அளவீடு கற்பிக்கும் பாடம் ஒன்றே. கருவி மௌனமாக இருந்தால், ‘இந்தக் கருவிக்கு, இந்த அமைப்பில், இந்த ஆழம் வரை ஒன்றும் தெரியவில்லை’ என்பதே அதன் பொருள். அதை ‘ஒன்றும் இல்லை’ என்று படித்துவிடுபவர் நாமே. ஆய்வுக்கூடத்தில் ‘காணப்படவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதும் மாணவர், எதைக் கொண்டு, எப்படித் தேடினோம் என்பதையும் அருகில் எழுதிவைத்தால், அடுத்து வருபவர் எங்கே தேடவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.