பூவுக்குக் குளிர் வேண்டும்

நவம்பரில் ஹாலந்து நாட்டு மரங்கள் இலை கொட்டி முடித்திருக்கும். மண் சில்லிட்டுப் போயிருக்கும். இனி வசந்தம் வரை தோட்டத்தில் என்ன வேலை என்று நமக்குத் தோன்றும். ஆனால் துலிப் நடவுக்கு ஏற்ற பருவமே அதுதான். அங்குள்ள கியூக்கன்ஹாஃப் பூங்காவில் மட்டும் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் துலிப் முதலான கிழங்குகள் சுமார் 70 லட்சம் நடப்படுகின்றன, அதுவும் கையாலேயே.

துலிப் கிழங்கு பார்வைக்கு வெங்காயம்தான். அதே பழுப்புத் தோல், அதே கூர்முனை. ஒன்றை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். வெள்ளைச் செதில்களுக்கு நடுவே வெளிறிய குருத்து ஒன்று இருக்கும். அதைப் பொறுமையாகப் பிரித்தால், உள்ளே பூவே இருக்கிறது! ஆறு இதழ்கள், ஆறு மகரந்தத்தாள்கள், நடுவில் சூலகம். எல்லாம் சில மில்லிமீட்டர் அளவில், கோடையிலேயே உருவாகித் தயாராக இருக்கின்றன.

பூ தயார் என்றால் உடனே வெளியே வர வேண்டியதுதானே? வராது. அதற்கு 12 முதல் 16 வாரம் குளிர் தேவை. அரை அடி ஆழத்தில் புதைந்த கிழங்கு முதலில் வேர் விடும். குளிர் நீடிக்க நீடிக்க, சேமித்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். தண்டை நீட்டும் ஹார்மோன்களுக்குத் திசுக்கள் இசைந்துகொடுக்கத் தொடங்கும். பிறகு வெயில் பட்டதும் தண்டு விறுவிறுவென்று உயரும். குளிர் போதாவிட்டால், பூ இலைகளுக்கு நடுவே குட்டையாகச் சிக்கிக்கொள்ளும், அல்லது உள்ளேயே கருகிவிடும்.

இப்படிக் குளிருக்குக் காத்திருப்பது துலிப்பின் தாய்வீடான மத்திய ஆசிய மலைகளில் படிந்த பழக்கம். தியான்ஷான் மலைச்சரிவில் குளிர்காலத்தின் நடுவே இரண்டு நாள் வெயில் அடித்தால், அதை நம்பித் தலைநீட்டும் பூ அடுத்த பனியில் அழிந்துபோகும். குளிர்காலம் உண்மையாகவே கழிந்ததா என்று கிழங்கு நாள்கணக்கு வைத்திருக்கிறது என்றே சொல்லலாம். மூளையில்லாத ஓர் உயிருக்கு இது எவ்வளவு பெரிய திறமை!

நவம்பருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 'துலிப் நெருப்பு' என்ற பூஞ்சை நோய் குளிர்ந்த மண்ணில் அவ்வளவாகப் பரவாது. அதனால்தான் மற்றக் கிழங்குகளை முன்னதாகவே நட்டுவிடும் தோட்டக்காரர்கள், துலிப்பைக் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள்.

ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத் துலிப் தோட்டத்திலும் இலையுதிர்காலத்தில்தான் நடவு. குளிர் போதாத ஊர்க்காரர்கள் கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்தே அந்தக் குளிர்காலத்தைக் கொடுத்துவிடலாம். நீங்களும் முயன்று பார்ப்பதாக இருந்தால், அதே ஃபிரிட்ஜில் ஆப்பிள் வைக்காதீர்கள். பழுக்கும் ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு, உள்ளே காத்திருக்கும் அந்தச் சின்னப் பூவைக் கொன்றுவிடும்.