கணிப்பொறியின் செவியும் நாவும்

செங்கற்பட்டு மாவட்டத்து மாமல்லபுரக் கடற்கரையில், ஆண்டுதோறும் மாசிமகத்தன்று இருளர் மக்கள் கூடிக் கன்னியம்மனை வழிபடுவர். முதியோர் நாவிலேயே வாழும் பாடல்கள் அவர்களிடம் பல. அவற்றைக் கணிப்பொறியில் காப்பது எங்ஙனம்?

அக்கரையில் அளவுகோல் ஒன்றை நட்டு, நீர்மட்டத்தை இடைவிடாது குறித்துவரின், அவ்வெண்களைக் கொண்டே அலையின் வடிவத்தை வரைந்துவிடலாம். ஒலியும் ஓர் அலையே. ஒலிவாங்கி அதனை மின்னலையாக மாற்றுகிறது. கணிப்பொறியோ எண்களையே அறியும். ஆதலின், அதனுள் அமைந்த ஒலி அட்டை அம்மின்னலையை நொடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. பாட்டை மீண்டும் கேட்க விரும்பின், அவ்வெண்களை மின்னலையாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவதும் அவ்வட்டையே.

அளக்கும் முறை குறையின் கூரிய ஒலிகள் தப்பிவிடும். நொடிக்கு 8,000 முறையே அளப்பின், 4,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி செவ்வனே பதியாது. பாடுவோர் குரலின் தெளிவு மங்கும்.

1989-இல் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டை உலகப் புகழ் பெற்றது. இன்று அப்பணியைச் சிறு சில்லு ஒன்றே செய்கிறது. கைப்பேசியிலும் அது உண்டு.

கருவி நம் கையில் உள்ளது. முதியோர் மறையுமுன், அவர்தம் இசைவு பெற்று, அப்பாடல்களைப் பதிந்து காப்பது நம் கடன்.