இணையும் நிகரும்

தமிழ்ப் புலவர் பெண்ணின் மார்பைப் பாடுமிடத்து ‘இணை’ என்னும் அடையைப் பெரிதும் விரும்பிச் சேர்ப்பர். இணைமுலை, இணைக்கொங்கை என்னுந் தொடர்களைப் பிரபந்தங்களைப் புரட்டுவோர் எத்தனையோ இடங்களிற் காண்பர். இச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. சேர்ந்திருத்தல் ஒன்று, இணைதல், இணைப்பு என்பன அதன்வழி வந்தவை. ஒத்திருத்தல் மற்றொன்று, இணையிலி, இணையற்றது என்பன அதன்வழி வந்தவை. புலவர் எப்பொருளைக் கருதி வைத்தாராயினும், படித்தோர் இரண்டையும் ஒன்றாகவே கொண்டுவிட்டனர். சேர்ந்திருப்பன ஒத்தும் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நம் உள்ளத்திற் படிந்துவிட்டது. குடம் என்றும் செப்பு என்றும் தாமரை மொட்டு என்றும் அடுக்கிய உவமைகள் அவ்வெண்ணத்துக்கு நீர் வார்த்தன.

உடலோ அவ்விலக்கணத்துக்குக் கட்டுப்பட்டதன்று. பெண்களுட் பெரும்பாலார்க்கு இரு மார்பும் அளவிலோ, வடிவிலோ, காம்பின் உயரத்திலோ, நெஞ்சில் அமைந்த இடத்திலோ சிறிதேனும் வேறுபட்டே இருக்கும். இடப்பக்கம் சற்றுப் பெரிதாயிருத்தல் கூடுதலாகக் காணப்படும் என வைத்தியர் கூறுவர். அடியிலுள்ள விலா எலும்புகளே இருபுறமும் ஒரு தன்மையன அல்ல. முதுகெலும்பு வளைந்தவர்க்கு அவ்வேறுபாடு மிகும். பிள்ளைக்குப் பாலூட்டிய தாய்மாருக்கு இதெல்லாம் புதுச்செய்தியன்று. அரிதாக, ஒரு பக்கத்து மார்புத்தசை குறைந்தோ இல்லாமலோ பிறப்பவரும் உளர். ஆங்கில நாட்டு அல்பிரட் போலந்து என்பார் 1841ஆம் ஆண்டில் இந்நிலையை விவரித்தமையின், அஃது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இலக்கியம் பேசும் பக்கத்தில் இப்பொருளை எடுத்தல் தகுமோ என ஐயுறுவார் உளராகலாம். அவர்க்கு யாம் கூறுவது இது: தமிழிலக்கியத்தின் தலையாய பெண்மகள் ஒருமுலை இழந்தவள். கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்தமையாலன்றோ மதுரை எரிந்தது! நற்றிணைப் பாட்டொன்றும் ஒருமுலை அறுத்த திருமாவுண்ணி என்னும் ஒருத்தியைச் சுட்டுகின்றது. மட்டக்களப்புப் பகுதியில் வைகாசித் திங்களிற் கண்ணகி வழக்குரை பாடி வழிபடும் ஊர்களில், அவளை எவரும் குறையுடையாள் என நோக்குவதில்லை; அம்மன் என்றே கைகூப்புகின்றனர். மாதொருபாகன் திருவுருவத்திலே ஒரு பக்கம் கொங்கையும் மறுபக்கம் வெறும் மார்புமாகச் சிற்பிகள் செதுக்கி வைத்தனர். அதனைக் கண்டு இரு பக்கமும் ஒக்கவில்லையே என வருந்தினார் எவரையும் யாம் அறியோம். எனினும், வகுப்பறையில் இத்தகைய இடம் வரும்போது ஆசிரியருட் பலர் உரையை ஒரே மூச்சில் வாசித்துக் கடந்துவிடுகின்றனர். மாணவியரோ தலை நிமிர்வதில்லை. இவ்வாறு வாய்பொத்தி வளர்ந்த பெண்ணொருத்தி, பின்னொருநாள் தன் மார்பில் நேர்ந்த மாற்றத்தை வைத்தியரிடம் எச்சொல்லாற் கூறுவாள்? கேள்வி சிறியதுபோலத் தோன்றினும் உயிர்மேல் நிற்பது.

மார்பைத் திருத்தும் சத்திரசிகிச்சை இக்காலத்தில் உலகெங்கும் நிகழ்கின்றது. அழகு கருதிச் செய்துகொள்வாரும், புற்றுநோயால் மார்பை இழந்தபின் மீளவும் அமைத்துக்கொள்வாரும் என இருதிறத்தார் உளர். முதல் வகையினரை இகழ்ந்தும் இரண்டாம் வகையினரை இரங்கியும் பேசுதல் நம்மவர் வழக்கம். இத்துறையின் தொடக்கத்தை நோக்கினால் அவ்விருவரையும் அத்துணை எளிதிற் பிரித்தல் இயலாது என்பது புலனாகும்.

ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரப் பல்கலைக்கழகத்திற் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கியவர் வின்சென்ஸ் செர்னி. வியன்னாவிற் புகழ்பெற்ற பில்ரோத்தின் மாணாக்கர். பிற்காலத்தில், 1906ஆம் ஆண்டில், அந்நகரிற் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென ஒரு நிறுவனத்தை அமைத்தவரும் இவரே. இவரிடம் 41 வயதுடைய பாடகி ஒருத்தி வந்தாள். அவளுடைய ஒரு மார்பிற் கட்டி இருந்தது. உயிர்க்கு ஊறு செய்யும் புற்றன்று, எனினும் அகற்ற வேண்டியதாயிற்று. அகற்றினால் ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கத்தோடு ஒவ்வாது நிற்கும். மேடையில் நின்று பாடிப் பிழைப்பவள் அவள். அவளுடைய இடுப்புப் பக்கத்திலே தீங்கற்ற கொழுப்புக்கட்டி ஒன்றும் இருந்தது. செர்னி அதனை எடுத்து, மார்பிற் குழிந்த இடத்தில் வைத்துத் தைத்தார். அதனை அவர் 1895ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். மார்பை நிரப்பும் சத்திரசிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் இதனையே முதலாவதாகக் கொள்வர். பெரிதாக்குதல் அங்கே நோக்கமன்று. ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பவைத்தலே நோக்கம். அது நோய்க்குச் செய்த சிகிச்சையா, அழகுக்குச் செய்த சிகிச்சையா என வினவினால் அப்பாடகி யாது விடை கூறியிருப்பாளோ!

அதன்பின் வந்த காலம் அத்துணை நற்காலமன்று. வியன்னாவில் கெர்சுனி என்பார் 1899ஆம் ஆண்டளவில் உருகிய வசலினை உடலினுட் செலுத்தும் முறையைத் தொடங்கினார். பிறர் பரபின் மெழுகை மார்பினுட் செலுத்தலாயினர். மெழுகு இடம்பெயர்ந்தது, கட்டிபட்டது, தோல் புண்ணாகியது. பெண்கள் பட்ட பாடு பெரிது. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரிலே குரோனின், கெரோ என்னும் வைத்தியர் இருவர் சிலிக்கோன் கூழ் நிரப்பிய பையை முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு வைத்தனர். அவள் ஆறு பிள்ளைகளின் தாய். மார்பிலே குத்திய பச்சையை அழிக்கும்படி வைத்தியசாலைக்கு வந்தவள். பச்சையை நீக்க வந்தவளுக்குப் பையை வைத்து அனுப்பினர் என்பதை வாசிக்குந்தோறும் நமக்கு ஒரு நெருடல் தோன்றாமற் போகாது. 1992ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் அழகுக்காகச் சிலிக்கோன் கூழ்ப் பை வைத்தலை நிறுத்தி, 2006ஆம் ஆண்டில் மீண்டும் இசைவளித்தது. பிரான்சிலே கைத்தொழிலுக்குரிய மலிந்த சிலிக்கோனை நிரப்பி விற்ற நிறுவனமொன்று 2010ஆம் ஆண்டில் அகப்பட்டது. அதன் தலைவர் 2013ஆம் ஆண்டிற் சிறைத்தண்டனை பெற்றார்.

இனி, சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெண்ணின் நிலையை நோக்குவோம். கட்டவிழ்த்துக் கண்ணாடிமுன் நிற்கின்றாள். ஒரு பக்கம் மேலேறி இறுகி நிற்கின்றது. மறுபக்கம் சற்றே தாழ்ந்து மென்மையாய் இருக்கின்றது. ஒன்று வீங்கியது, மற்றொன்று வீக்கம் தணிந்தது. இரண்டும் ஒப்பாகும் என எண்ணியன்றோ இத்துணைப் பணமும் நோவும் பொறுத்தாள்! முதல் வாரங்களிற் பலர் அடையும் துயர் இதுவே. ஆயின், இக்காலத்துக் காணும் வேறுபாடு பெரும்பாலும் தானே தணிவது. வீக்கம் முதற் சில நாட்களில் மிகுந்து, பின்னர் வாரக்கணக்கிற் குறையும். அதன் பெரும்பகுதி ஏறக்குறைய ஆறு வாரத்தில் வடியும். இரு பக்கமும் ஒரே நாளில் வடிய வேண்டும் என்னும் நியதி உடலுக்கு இல்லை. பையை மார்புத்தசையின் கீழ் வைத்திருப்பின், அத்தசை தொடக்கத்தில் இறுகிப் பையை மேலே தள்ளி நிற்கும். நாட்பட நாட்படத் தசை தளர, பை கீழிறங்கித் தன் இடத்தில் அமையும். வலக்கைப் பழக்கமுடையார்க்கு வலப்பக்கத் தசை வலியதாகலின், அப்பக்கம் சிறிது காலம் தாழ்த்து இறங்குதலும் உண்டு என்பர். முடிவான வடிவம் தோன்ற மூன்று திங்கள் முதல் ஆறு திங்கள் வரை செல்லும்; சிலர்க்கு ஓராண்டும் ஆகும்.

சிகிச்சைக்கு முன்னரே இருந்த வேறுபாடும் பின்னர்ப் புதிதுபோலத் தோன்றும். அதுகாறும் தன் மார்பை இத்துணை உற்றுநோக்கியிராத பெண், இப்போது நாடோறும் நோக்குகின்றாள். ஆதலின், நல்ல வைத்தியர் கத்தியை எடுக்குமுன்னரே இரு பக்கத்தையும் அளந்து, படம் எடுத்து, உள்ள வேறுபாட்டை அவளுக்கே காட்டிவிடுவர். அவ்வேறுபாட்டைக் குறைத்தற்பொருட்டு இரு பக்கத்துக்கும் வெவ்வேறளவுப் பைகளை வைத்தலும் வழக்கம். ஆங்கிலம் பேசும் நாட்டு வைத்தியரிடையே ஒரு பேச்சு வழங்குகின்றது: அவை தமக்கையும் தங்கையுமேயன்றி இரட்டைப் பிள்ளைகள் அல்ல என்று. நம் புலவர் உவமைகளுக்கு இடையே வைத்து எண்ணத்தக்க உவமை இது. புற்றுநோய்க்குப்பின் ஒரு பக்கத்தை மட்டும் அமைத்துக்கொண்டாரிடம் இவ்வேறுபாடு கூடுதலாய் இருக்கும். கதிர்ச்சிகிச்சை பெற்ற பக்கத்துத் தோல் இறுகுதலும், இயற்கையான பக்கம் வயதோடு தளர, மற்றது தளராது நிற்றலும் அதற்குக் காரணம்.

பொறுத்திருத்தல் நன்று என யாம் கூறியதைக் கொண்டு எல்லாவற்றையும் பொறுத்திருத்தல் ஆகாது. இந்த இடத்திலேதான் வெட்கம் கேடு செய்யும். சிகிச்சை முடிந்த முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு பக்கம் மட்டும் விரைந்து பருத்து, இறுகி, நோவும் கன்றலும் மிகுமாயின், உள்ளே குருதி தேங்குகின்றது எனக் கொள்ளல் வேண்டும். விடியட்டும் எனக் காத்திராது, அன்றிரவே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். குருதியை வெளியேற்ற மீண்டும் திறக்கவேண்டி வரலாம். ஒரு பக்கம் சிவந்து, சுடுகொண்டு, காய்ச்சலும் சேருமாயின், அல்லது தையலிற் சீழ் கசியுமாயின் அது கிருமித்தொற்று. திங்கள் பல கழித்தோ ஆண்டுகள் கழித்தோ ஒரு பக்கம் மெல்ல மெல்லக் கடினமாகி வடிவம் திரியுமாயின், பையைச் சுற்றி உடல் கட்டிய உறை சுருங்குகின்றது என்பது பொருள். அதன் கடுமையை வைத்தியர் நான்கு படிகளாக வகுத்துள்ளனர். உப்புநீர் நிரப்பிய பை கிழிந்தால் அப்பக்கம் சில நாட்களுள் வற்றிவிடும், எவர்க்கும் தெரியும். சிலிக்கோன் கூழ் கசிதல் அவ்வாறு வெளிப்படாது. உட்படம் எடுத்தே காணல் வேண்டும். இவற்றினும் அரியதும் கொடியதுமாகிய ஒன்றுண்டு. சிகிச்சை முடிந்து ஆண்டுகள் பல சென்றபின், காரணமின்றி ஒரு பக்கம் நீர்கோத்து வீங்குதல். சொரசொரப்பான மேற்பரப்புடைய பைகளோடு தொடர்புடைய ஒருவகை நிணநீர்ப் புற்றின் முதற்குறி இவ்வீக்கமாதல் கூடும். அதுபற்றியே 2019ஆம் ஆண்டில் அத்தகைய பைகளுள் ஒருவகை சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. காலத்தே கண்டு பையையும் உறையையும் அகற்றுவார்க்கு இந்நோய் பெரும்பாலும் குணமாகும்.

இவ்வேறுபாட்டைக் குறிக்கத் தமிழில் ‘சமச்சீரின்மை’ என எழுதுகின்றனர். கணிதப் பாடத்துக்கு அச்சொல் பொருந்தும். நோயாளியின் செவிக்கு அது பொருந்துமோ என்பது நம் ஐயம். சீர் என்பது ஒழுங்கை மட்டும் குறிப்பதன்று. சிறப்பையும் செம்மையையும் நலத்தையும் குறிக்கும். படுக்கையிற் கிடப்பவளிடம் சீரின்மை என்றால், தன்னிடம் நலமில்லை, சிறப்பில்லை என்றே அவள் உள்ளம் கொள்ளும். ‘இருபக்க வேறுபாடு’ என எழுதினால் என்ன? எளிய சொல், எத்தனை விரல் அளவு, எந்தப் பக்கம், எந்நாள் முதல் என்னும் வினாக்களை அடுத்துக் கேட்பதற்கும் இடங்கொடுக்கும். வைத்தியரும் தாதியரும் அறிய வேண்டியவை அவையே. புதுச் சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

குறை எஞ்சி நிற்பின் மீண்டும் திருத்திக்கொள்ளல் இயலும். ஆயின், குருதித் தேக்கமும் தொற்றும் போன்ற அவசரங்கள் நீங்கலாக, திசுக்கள் அமையுமுன் கத்தி வைத்தலை வைத்தியர் விரும்பார். ஆறு திங்களோ அதற்கு மேலோ காத்திருக்கும்படி கூறுவர். காத்திருக்கும் காலத்தில் ஒரே ஒளியில், ஒரே நிலையில் நின்று திங்களுக்கொரு படம் எடுத்து வைத்துக்கொள்ளல் பயன்தரும். நாடோறும் கண்ணாடி நோக்குபவளுக்குப் புலப்படாத மாற்றம் அப்படங்களிற் புலப்படும். பை வைத்துக்கொண்டார்க்கு வைத்தியசாலையில் ஓர் அட்டை தருவர். பையின் வகை, அளவு, தொடரெண் என்பன இடப்பக்கத்துக்கு வேறாகவும் வலப்பக்கத்துக்கு வேறாகவும் அதிற் குறிக்கப்பட்டிருக்கும். ஊர் மாறினாலும் வைத்தியர் மாறினாலும் அவ்வட்டையைக் கைவிடாது வைத்திருத்தல் வேண்டும்.