பெயர் சூட்டப்படாத சிற்றீக்கள்

மழைக்காலத்தில் ஈரமான பூந்தொட்டியருகே கொசுவைப் போன்ற கரிய சிற்றீக்கள் பறப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொசுவென்று எண்ணி அடித்தும் விடுகிறோம். பாவம், இவை கடிப்பதில்லை. இவற்றின் புழுக்கள் மட்கிய இலையிலும் மரத்திலும் படரும் பூஞ்சையைத் தின்று வளர்வன. ஆதலால் பூஞ்சை ஈக்கள் எனப்படுகின்றன.

இவற்றுள் ஒரு புதிய சிற்றினத்தைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? காட்டுக்குச் சென்று வலைவீசிப் பிடித்தால் வேலை முடிந்தது என்றே நம்மில் பலர் நினைப்போம். அதுதான் எளிய பகுதி. பிடித்த ஈ புதியதுதானா என்று தெளிவதற்கு ஆண்டுகள் பல ஆகலாம். உடலோ சில மில்லிமீட்டர்; தோற்றமும் ஒன்றுபோலவே இருக்கும். நுண்ணோக்கியில் வைத்து உணர்கொம்பின் கணுக்களையும், இறக்கை நரம்புகள் கிளைக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். அதுவும் போதாதபோது, ஆண் ஈயின் வயிற்று நுனியைப் பொட்டாஷ் கரைசலில் இட்டுத் தசையைக் கரைத்து, அங்குள்ள பற்றுறுப்பின் வடிவத்தை வரைந்து, முன்பே விவரிக்கப்பட்ட உறவினங்களோடு ஒப்பிட வேண்டும். எதனோடும் பொருந்தாவிட்டால்தான் அது புதிது. பின்னர் இரு சொற்களாலான பெயரைச் சூட்டி, விவரத்தை அச்சிட்டு, அந்த ஒரு ஈயை அருங்காட்சியகத்தில் சான்றாக வைக்கிறார்கள். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அந்த ஈயையே எடுத்துப் பார்ப்பர்.

நம் நாட்டுப் பூஞ்சை ஈக்கள் பலவற்றை இவ்வாறு விவரித்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த என்ரிக்கோ புரூனெட்டி. தொழிலால் அவர் இசைக்கலைஞர் என்பது வியப்பான செய்தி! அவருடைய நூல் 1912இல் வெளிவந்தது.

கடிக்காத ஈக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். இதன் உறவினன் ஒருவனை நம் மதுரை உழவர்கள் நன்கறிவர். அவன்தான் நெற்பயிரைத் தாக்கும் ஆனைக்கொம்பன். இதன் புழு குருத்துக்குள் நுழைந்தால், அக்குருத்து யானைத் தந்தம்போல் வெளுத்த குழலாக நீளும். அதில் கதிர் வராது. இந்த ஈயை 1889இல் விவரித்து, 'நெல்லினுடையது' என்னும் பொருள்படப் பெயரிட்டவர் கல்கத்தா அருங்காட்சியகத்தின் உட்-மேசன். இன்று அதன் பெயர் ஒர்சியோலியா ஒரைசே.

ஆப்பிரிக்க வயல்களிலும் இதே போன்ற குழல்கள் தோன்றின. அங்கிருப்பதும் இதே ஈதான் என்று நெடுங்காலம் கருதினர். ஹாரிஸ், காக்னே என்னும் இரு அறிஞர்கள் இரண்டையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, ஆப்பிரிக்க ஈ வேறு சிற்றினம் என்று 1982இல் அறிவித்து, அதற்கு ஒரைசிவோரா என்று பெயரிட்டனர். வெறும் பெயர்ச் சண்டையன்று இது. ஆசிய ஈயைத் தாங்கி நின்ற நெல் ரகங்கள் பல, ஆப்பிரிக்க ஈயிடம் தோற்றுவிடுகின்றன. எம்.டி.யு. 3 என்னும் மதுரை நெல் ஆனைக்கொம்பனைத் தாங்கும் ரகம் எனப் பெயர் பெற்றது. அதை அங்கே கொண்டுபோய் விதைக்க எண்ணுபவர், அந்த வயலில் இருப்பது எந்த ஈ என்பதை முதலில் கேட்டாக வேண்டும்.