தண்டுவடத்தில் காயம் பட்டால்



திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவாயிற்று. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே கடை நடத்தி வருகின்றனர். லாரியில் வரும் மூட்டைகள் மனிதர் தோளிலும் தலையிலும் ஏறியே கிட்டங்கியை அடைகின்றன. இத்தகைய இடத்தில் ஒருவர் உயரத்திலிருந்து தவறி விழுந்தாலும், மூட்டை சரிந்து ஒருவர் கழுத்தில் விழுந்தாலும், எலும்பினும் முக்கியமான ஓர் உறுப்புக்குக் கேடு நேரலாம். அதுவே தண்டுவடம்.

முதுகெலும்பு, முள்ளெலும்புகள் அடுக்கடுக்காய் அமைந்த ஒரு தொடர். அதனுள்ளே, மூளையிலிருந்து இடுப்பின் மேற்பகுதி வரை, ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் பருமனும் கொண்டு தண்டுவடம் இறங்குகிறது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. மூளையின் கட்டளை அதன் வழியே கீழே செல்லுகிறது; தொடுகையும் வலியும் சூடும் அதன் வழியே மேலே செல்லுகின்றன. முறிந்த எலும்பு கூடிவிடும். அறுபட்ட தண்டுவடமோ பழையபடி வளர்வதில்லை. காயம் முழுமையாக இல்லாதவர்க்கு மட்டும் இயக்கமும் உணர்வும் ஓரளவு திரும்புவதுண்டு.

காயம் எவ்வளவு மேலே நேருகிறதோ, இழப்பும் அவ்வளவு அதிகம். முதுகின் நடுவே பட்டால் கால்கள் செயலற்றுப் போகும். கழுத்தில் பட்டால் கைகளும் பாதிக்கப்படும். கழுத்தின் மேற்பகுதியாயின் மூச்சே தடைப்படலாம். மலமும் சிறுநீரும் நம் வசத்தில் இரா.

ஆகவே, விழுந்தவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்குதல் கூடாது. உட்கார வைத்துப் பார்ப்பதும், எண்ணெயிட்டு உருவுவதும் கூடாது. தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு, 108-ஐ அழைத்து ஆம்புலன்சுக்குக் காத்திருப்பதே நலம். வேறு வழியின்றி நகர்த்த நேர்ந்தால், நால்வராகச் சேர்ந்து, உடல் வளையாதவாறு ஒரே சமயத்தில் பலகையின் மீது ஏற்றவேண்டும்.

வீடு திரும்பிய பின் அபாயம் வேறு உருவில் வருகிறது. உணர்ச்சியற்ற தோல், அழுத்தத்தைத் தெரிவிப்பதில்லை. படுக்கைப் புண் உண்டாகி எலும்புவரை ஆழ்ந்துவிடும். எனவே படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிடுதல் வேண்டும். தோலை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். சிறுநீர் தேங்கினால் சிறுநீரகம் கெடும். மருத்துவர் கற்பிக்கும் முறைப்படி சுத்தமான குழாயால் வேளை தவறாது அதனை வெளியேற்றவேண்டும். இவ்விரண்டிலும் காட்டும் கவனமே ஆயுளை நீட்டிக்கும்.

இதற்குச் சான்று உண்டு. கொச்சியிற் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் வாகன விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவருடைய முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஏற்பட்டது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்சோதனையில் கழுத்தில் காயமுற்றார். 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தண்டுவடக் காயமுற்றோர்க்கு இன்று அங்கே பயிற்சி அளிக்கப்படுகிறது. சாலையில் வாழும் நம்மவர்க்கு அது மலைக்கு அப்புறத்து ஊர்தான்.

எழுந்து நடப்பாரா என்ற ஒரு கேள்வியோடு குடும்பத்தார் நின்றுவிடுதல் ஆகாது. தாமே உண்ணவும், நாற்காலியில் ஏறவும், கணக்கு எழுதவும், கடையில் அமரவும் அவருக்கு எப்பயிற்சி வேண்டும் என்று மருத்துவரைக் கேளுங்கள். கால்கள் ஓய்ந்த பின்னும் அவர் வீட்டிற்கு உழைக்கக் கூடியவரே.