விராலின் கண்ணுக்கு எந்த நிறம்?

ஈப்போவிலிருந்து பத்து காஜா, தஞ்சோங் துவாலாங், கம்பார் பக்கம் போகும் சாலைகளில் ஆங்காங்கே பெரிய நீர்நிலைகள் தென்படும். பல இயற்கை ஏரிகள் அல்ல. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கி உருவானவை. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்ட ஈயக் கப்பல் 1982 வரை மண்ணை அள்ளியது. 1985இல் ஈய விலை சரிந்தபின் மற்ற சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பள்ளங்கள் மட்டும் தங்கிவிட்டன. அவற்றில் இப்போது ஹருவான் எனப்படும் விரால், அதன் பெரிய உறவான தோமான், திலாப்பியா, தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பீகாக் பாஸ் எல்லாம் வாழ்கின்றன.

பால்மரத் தோட்டத்து அல்லூரில் மூங்கில் தூண்டில் போட்ட நம் தாத்தாக்களுக்கு மண்புழு போதும். அதன் வாசனையே மீனை அழைத்துவிடும். ரப்பர் தவளை, மரமீன், சுழலும் தகடு போன்ற செயற்கை இரைகளுக்கு வாசனை கிடையாது. அவை மீனின் கண்ணையும் உடலையும் ஏமாற்றியாக வேண்டும். கடையில் இவை நூறு நிறங்களில் தொங்குகின்றன. அதில் பாதி நிறங்கள் மீனைப் பிடிக்க அல்ல, வாங்குபவரைப் பிடிக்க!

நிறத்துக்கு முன் வெப்பநிலையைப் பார்ப்போம். வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் துளையிட்டு, கிராப்பி என்ற மீனைப் பிடிப்பார்கள். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதனால் அந்த நீர் அடியில் தங்க, பனிக்கட்டி மேலே மிதக்கும். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தைப் பின்தொடர்வது. குளிரில் செரிமானம் மந்தமாகும். மீன் தொலைவுக்குத் துரத்தாது. எனவே அங்கே ஓரிரு கிராம் எடையுள்ள குட்டி இரையை, அசைந்தும் அசையாமலும் தொங்கவிடுவார்கள். கிராப்பியின் கண் மேல்நோக்கி இருப்பதால் இரை மீனுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும்.

நம் ஈயக்குட்டையின் மேல்நீர் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். இங்கே விரால் பாய்ந்து அடிக்கும். கைவிரல் நீளத் தவளையை வேகமாக இழுத்தாலும் துரத்தும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 4 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம் என்றால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். விரால் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. செவுளுக்கு மேலே உள்ள ஓர் அறையில் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். அதற்காக அடிக்கடி மேலே வந்து வாய் திறக்கும். செடி அடர்ந்த ஓரத்தில் மேல்நீரில் துள்ளும் ரப்பர் தவளை விராலுக்குப் பொருத்தமாக இருப்பது இதனால்தான்.

இனி நிறம். தெளிந்த நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடும். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு இரை கறுத்துத் தெரியும். இலை ஊறிப் பழுப்பான நீரில் கதை தலைகீழ்: அங்கே நீலம் முதலில் மறையும், சிவப்பும் மஞ்சளும் ஓரளவு எஞ்சும். கனமழைக்குப் பின் களிமண் கரைந்து தே தாரிக் நிறத்தில் நிற்கும் குட்டையிலோ ஒளி சிதறுவதால் ஒரு முழத்துக்கு அப்பால் எந்த நிறமும் தேறாது. அந்தி நேரத்தில் இன்னொரு மாற்றம். மங்கிய ஒளியில் விழித்திரையின் கூம்பு செல்கள் ஓய்ந்து, நிறம் அறியாத கோல் செல்கள் வேலையை ஏற்கும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் பின்னணியில் தெளிவாகத் தெரிவது கறுப்பு உருவம். மாலையில் கறுப்புத் தவளை எடுபடுவது மந்திரமல்ல, நிழலுருவம்.

கண் தோற்கும் இடத்தில் மீனுக்குப் பக்கக்கோடு கைகொடுக்கும். சந்தையில் வாங்கிய மீனின் செவுளிலிருந்து வால்வரை ஓடும் புள்ளிக்கோட்டைப் பாருங்கள். அங்கே நம் உட்காதில் இருப்பதுபோன்ற மயிரிழைச் செல்கள் நீரின் சிறு அசைவையும் உணரும். ஆனால் ஓரிரு உடல்நீளத் தொலைவு வரைதான். கலங்கிய நீரில் நீரைக் கிளறும் சுழல்தகட்டை, மீன் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் மெதுவாக இழுப்பது இதற்காகவே.

எல்லாப் பாய்ச்சலும் பசியால் அல்ல. தோமான் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மூச்சுவிட மேலே வரும்போது நீர் கொதிப்பதுபோல் தெரியும். தாயும் தந்தையும் கீழே காவல் இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே எந்த நிற இரையைப் போட்டாலும் பெற்றோர் அடிக்கும். அது தின்பதற்கல்ல, விரட்டுவதற்கு. இப்படிப் பிடிப்பதைத் திறமை என்று நான் சொல்லமாட்டேன். காவல் போனதும் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். செந்நிறக் கொதிப்பைக் கண்டால் தூண்டிலை வேறு பக்கம் வீசுங்கள்.

தூண்டில் எடைக்கும் ஈயக்குட்டைக்கும் ஓர் உறவு உண்டு. வழக்கமான எடை காரீயம்; அது நச்சு. அதை விழுங்கி அன்னப்பறவைகள் இறந்ததால் பிரிட்டன் 1987இல் பெரும்பாலான காரீய எடைகளின் விற்பனையைத் தடைசெய்தது. மாற்றாக வந்தவற்றில் ஒன்று, கிந்தா மண் தந்த அதே வெள்ளீயம். அதன் அடர்த்தி 7.3, காரீயத்துக்கு 11.3. எனவே அதே எடைக்கு வெள்ளீயக் குண்டு சற்றுப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

குட்டைக்குத் தனியாகப் போகாதீர்கள். தோண்டிய பள்ளம் என்பதால் கரையிலிருந்து ஓரடி வைத்தாலே ஆழம் தலைக்கு மேல் இறங்கலாம், களிமண்ணும் வழுக்கும். பல குட்டைகள் தனியார் நிலம், அனுமதி கேட்க வேண்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை: ஒரு கண்ணாடிக் குவளையில் பாலில்லாத தேநீரும், இன்னொன்றில் சில துளி பால் கலந்த நீரும் நிரப்புங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு நூல்களில் சிறு கல்லைக் கட்டி இரண்டிலும் இறக்கி, மேலிருந்து பாருங்கள். எந்தக் குவளையில் எந்த நூல் முதலில் நிறமிழக்கிறது என்று குறித்துவையுங்கள். பிறகு அறை விளக்கை மங்கலாக்கி மறுபடி பாருங்கள்.