கைராசியும் கணக்கும்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது நம்மவர்கள் சர்ஜனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் சார் தெய்வம்" என்பார்கள். தூக்கம் கெட்டுப் படித்ததும் பண்டிகை நாளில் ஆபரேஷன் தியேட்டரில் நின்றதும் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்று நினைக்கும் சர்ஜன்கள் உண்டு. அந்த நிறைவை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் நன்றி வந்துவிட்டதாலேயே வேலை சரியாக நடந்தது என்று முடிவுகட்டுவது ஆபத்து. ஆக்லாந்தில், த்ரீ கிங்ஸ் பகுதிக்குச் சற்று வடகிழக்கே, பக்கத்துப் பக்கத்தில் இயங்கிய இரண்டு மருத்துவமனைகளின் வரலாறே இதற்குச் சான்று.

முதலாவது கிரீன் லேன். 1962-இல் அங்கே பிரையன் பாரட்-பாய்ஸ், இறந்தவர் இதயத்திலிருந்து எடுத்த வால்வை உயிரோடிருப்பவருக்குப் பொருத்தினார். மூச்சுவாங்கிக்கொண்டு வந்தவர் நடந்து வீட்டுக்குப் போனால் நன்றி அன்றைக்கே கிடைத்துவிடும். அந்த வால்வு பத்து வருஷம் தாங்குமா என்பது அன்றைக்குத் தெரியாது. பாரட்-பாய்ஸ் குழு நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கூப்பிட்டுப் பார்த்தது. ரசாயனத்தால் கிருமிநீக்கம் செய்த தொடக்ககால வால்வுகள் சரிவரத் தாங்கவில்லை. எனவே ஆன்டிபயாடிக் கரைசலுக்கு மாறினார்கள். எத்தனை வால்வு கெட்டது என்பது உட்பட நீண்டகாலக் கணக்கை 1987-இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நன்றியோடு கை கூப்பிய யாரும் அவர்களிடம் இதைக் கேட்கவில்லை.

இரண்டாவது நேஷனல் விமன்ஸ். 1966 முதல் அங்கே ஹெர்பர்ட் கிரீன், கருப்பைவாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் கண்ட பெண்களில் பலருக்கு முழுச் சிகிச்சை தராமல் கண்காணித்து மட்டும் வந்தார். அவர் கல்நெஞ்சர் அல்ல. இளம்பெண்களுக்குத் தேவையில்லாமல் கருப்பையை எடுக்கிறார்கள் என்பதே அவருடைய கவலை. தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்றுகூடப் பலருக்குத் தெரியாது. டாக்டர் வரச்சொன்னார், வந்தார்கள். அவருடன் பணியாற்றியவர்கள் 1984-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, சோதனைகளில் மாற்றம் தொடர்ந்த 131 பெண்களில் 22 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது. மாற்றம் மறைந்தவர்களில் 1.5 சதவீதம்தான். 1987-இல் 'மெட்ரோ' இதழ் விஷயத்தை உடைத்தது. 1988-இல் இதை ஆராய்ந்த கார்ட்ரைட் விசாரணையின் அறிக்கை வந்தது. நோயாளிகளின் நம்பிக்கைதான் இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த நம்பிக்கை இதைத் தடுக்கவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவை எண்கள்.

கணக்குப் பார்க்கத் தொடங்கினால் சர்ஜன்கள் கடினமான நோயாளிகளைத் தட்டிக்கழிப்பார்கள் என்ற வாதம் உண்டு. லேசான வாதமல்ல. நியூயார்க் மாநிலம் பைபாஸ் மரணங்களை சர்ஜன் பெயரோடு வெளியிட்டபோது இதே அச்சம் எழுந்தது. நோயாளியின் நிலையையும் சேர்த்து எடைபோட்டு, முதலில் குழுவுக்குள்ளேயே கணக்கை விவாதித்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். வறண்ட எண்களா மனுஷனை நள்ளிரவில் எழுப்பி ஓடவைக்கும் என்றும் கேட்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இதற்குப் பதில். ஓய்வுபெற்ற பிறகு, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, 1976-இல் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. கட்டை அவிழ்த்ததும் பேரனின் முகத்தைப் பார்க்கும் பாட்டி காட்டும் நன்றிக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஆனாலும் ஆபரேஷனுக்குப் பின் வரும் சிக்கல்களை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை அவர்கள் விடவில்லை. இன்னொன்று: நன்றி சர்ஜனுக்கு மட்டும்தான் போகிறது. மயக்க மருந்து கொடுத்தவரையும் நர்ஸையும் யார் நினைக்கிறார்கள்? கணக்கில் அவர்கள் வேலையும் சேர்ந்தே தெரியும்.

கார்ட்ரைட் அறிக்கையின் விளைவாக 1996-இல் நியூசிலாந்தில் நோயாளிகளுக்கான பத்து உரிமைகள் சட்டபூர்வமாயின. முழு விவரம் அறிவதும் புகார் சொல்வதும் அவற்றில் அடங்கும். எனவே இங்குள்ள தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆபரேஷனுக்குப் பின் மறுபடி பார்க்க வரச்சொன்னால் தவறாமல் போங்கள். டாக்டர் மனம் நோகுமே என்று இருக்கிற வலியை இல்லை என்று சொல்லாதீர்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராதென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இயன்றவரை ஏற்பாடு செய்துதர வேண்டும் என்று அதே உரிமைப் பட்டியல் சொல்கிறது.